நோஞ்சான்

அஞ்செட்டிப் பால்வாடியில் மாதம் ஒருமுறை பிள்ளைகளுக்கு எடை போடுவார்கள். நான் ஓசூரில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறேன். வாரத்தில் ஐந்து நாள் அங்கே, சனி ஞாயிறு மட்டும் ஊர். மகள் என் அம்மாவோடு இருக்கிறாள். அவளுக்கு நான்கு வயது முடிந்த மாதம், லீவு போட்டுவிட்டு நானே பால்வாடிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். எடை 12 கிலோ 900 கிராம். அவளைவிட மூன்று மாதம் சின்னவளான பக்கத்துத் தெருப் பெண் 14 கிலோ 200.

வீட்டு வாசலிலேயே அம்மா காத்திருந்தாள். "எவ்வளவு?" என்றாள். சொன்னேன். "நான் என்ன பட்டினியா போடுறேன்? களி உருண்டைய கையில குடுத்தா பாதிய கோழிக்குப் போடுறா. நான் என்னதான் பண்ண?" என்று அழுகிற குரலில் கேட்டாள். நான் அவளைக் குற்றம் சொல்லவே இல்லை. ஆனால் ஒல்லிப் பிள்ளை இருக்கிற வீட்டில் யாரும் யாரையும் குற்றம் சொல்ல வேண்டியதில்லை. பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிற அம்மாவிலிருந்து பேரீச்சம்பழம் விற்கிறவர் வரைக்கும் எல்லோரும் அதைச் செய்துவிடுவார்கள். "பாப்பாவுக்கு ஒடம்பு சரியில்லையா?" என்ற ஒரு கேள்வி போதும்.

அன்று சாயங்காலம் பெரியப்பா வந்திருந்தார். ரிட்டயர்டு வாத்தியார். "விடு தாயி. நம்ம ராஜாஜியே சின்ன வயசுல நோஞ்சான்தான். தொண்ணூத்தி நாலு வயசு வரைக்கும் இருந்தாரு" என்றார். அம்மாவுக்கு அது ஆறுதலாக இருந்தது. எனக்கும் இரண்டு நாள் இருந்தது. அப்புறம்தான் அந்த ஆறுதலுக்குள் ஏதோ உறுத்த ஆரம்பித்தது. அந்த உறுத்தலைத் தொடர்ந்து போய் நான் படித்தவைதான் இந்தக் கட்டுரை.

பெரியப்பா சொன்னது உண்மைதான். ஓசூரை ஒட்டிய தொரப்பள்ளியில் 1878 டிசம்பர் 10 அன்று ராஜாஜி பிறந்தார். அப்பா அந்தக் கிராமத்தின் முன்சீப். பிள்ளை பலவீனமாக, அடிக்கடி நோயில் விழுகிறவனாக இருந்தான். பிழைப்பானா என்றே பெற்றோர் பயந்திருக்கிறார்கள். அந்தப் பிள்ளை ஓசூரில் பள்ளிக்கூடம் போய், பெங்களூர் சென்ட்ரல் காலேஜில் படித்து, வக்கீலாகி, கவர்னர் ஜெனரலாகி, 1972 டிசம்பர் 25 வரை வாழ்ந்தார். கடைசி வரை ஒல்லிதான்.

என்னை உறுத்தியது அந்த 1878 என்ற வருடம். 1876 முதல் 1878 வரை தென்னிந்தியாவைச் சூறையாடிய தாது வருஷப் பஞ்சம் அப்போதுதான் ஓய்ந்துகொண்டிருந்தது. ஓசூர் அன்றைய சேலம் மாவட்டத்தில் இருந்தது. மெட்ராஸ் மாகாணத்தில் மிக மோசமாக அடிபட்ட மாவட்டங்களில் சேலமும் ஒன்று. 1871 குடிக்கணக்கோடு 1881 கணக்கை ஒப்பிட்டால் சேலம் மாவட்டத்தில் மூன்று லட்சத்துக்கும் மேல் ஆட்கள் குறைந்திருந்தார்கள். பத்து வருடத்தில் பெருகியிருக்க வேண்டிய எண்ணிக்கை அது.

அதாவது தொரப்பள்ளியில் ஒரு தாய் தன் மெலிந்த பிள்ளையை மடியில் வைத்துக் கவலைப்பட்ட அதே காலத்தில், சுற்றுவட்டாரத்தில் எத்தனையோ மெலிந்த பிள்ளைகள் இருந்திருப்பார்கள். பார்வைக்கு எல்லோரும் ஒன்று போலத்தான் இருந்திருப்பார்கள். ஆனால் முன்சீப் வீட்டில் அடுப்பு எரிந்தது. அந்தப் பிள்ளை மெலிந்தது அவன் உடம்புவாகினால் இருக்கலாம், நோயினால் இருக்கலாம். மற்றவர்கள் மெலிந்தது சோறில்லாமல். பிழைத்து வந்தவரின் கதை நமக்குத் தெரியும், பெரியப்பா அதைச் சொல்லவும் முடியும். பிழைக்காதவர்களை வைத்து யாரும் யாருக்கும் ஆறுதல் சொல்வதில்லை.

ஒல்லியாக இருப்பது இயற்கையா, இல்லாமையா? என் வீட்டில் எழுந்த இந்தக் கேள்வி, அரசாங்கங்களும் விஞ்ஞானிகளும் நூற்றைம்பது வருடமாகச் சண்டை போட்ட கேள்வி என்பது அதற்குப் பிறகுதான் தெரிந்தது.

பஞ்சத்தின் நடுவே, 1877 தொடக்கத்தில், வைஸ்ராய் லிட்டன் சர் ரிச்சர்ட் டெம்பிளை மெட்ராஸுக்கு அனுப்பினார். செலவைக் குறைப்பதுதான் வேலை. நிவாரண வேலையில் கல் உடைக்கிற ஒரு ஆணுக்கு நாளைக்கு ஒரு பவுண்டு தானியமும் கொஞ்சம் சில்லறையும் போதும் என்றார் டெம்பிள். ஒரு பவுண்டு என்பது அரைக்கிலோவுக்கும் குறைவு. மாகாணத்தின் சுகாதார ஆணையராக இருந்த டாக்டர் கார்னிஷ் இதை எதிர்த்தார். சிறையில் கடின வேலை செய்கிற கைதிக்கே இதைவிட அதிகம் போடுகிறோம், இந்த அளவில் உடம்பு கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்து போகும் என்பது அவர் வாதம். இரண்டு பேரும் அறிக்கை மேல் அறிக்கையாக மோதினார்கள். கடைசியில் அந்த ஆண்டிலேயே கூலி கூட்டப்பட்டது. அதற்குள் எத்தனையோ பேருக்கு நேரம் கடந்துவிட்டிருந்தது.

இதைப் படித்தபோது எனக்கு ஒன்று பிடிபட்டது. 'இவர்களுக்கு இது போதும்' என்கிற பேச்சை எப்போதும் படியளக்கிறவர்தான் பேசுவார். சாப்பிடுகிறவர் பேச மாட்டார்.

அடுத்த கட்டம் குன்னூரில் நடந்தது. 1918இல் அங்கே பாஸ்டர் இன்ஸ்டிடியூட்டில் ஒரே ஒரு அறையில், பெரிபெரி நோயை ஆராய ராபர்ட் மெக்காரிசன் ஒரு சின்னப் பிரிவைத் தொடங்கினார். அதுதான் பின்னால் வளர்ந்து ஹைதராபாத்துக்குப் போய் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமானது. அன்றைய வெள்ளைக்கார அதிகாரிகள் மத்தியில் ஒரு நம்பிக்கை உண்டு. பஞ்சாபிகள் வாட்டசாட்டமானவர்கள், மதராசிகள் சின்ன உடம்புக்காரர்கள், அது இனத்தின் குணம் என்று. மெக்காரிசன் எலிகளை வைத்துச் சோதித்தார். எல்லாம் ஒரே குடும்பத்து எலிகள். ஒரு கூட்டத்துக்கு சீக்கியர் சாப்பாடு: கோதுமை ரொட்டி, பால், வெண்ணெய், பருப்பு, காய்கறி. இன்னொரு கூட்டத்துக்கு மதராசிச் சாப்பாடு: பெரும்பாலும் அரிசி. இப்படி ஒவ்வொரு பகுதியின் சாப்பாட்டையும் போட்டு வளர்த்து எடை பார்த்தார். சீக்கியச் சாப்பாடு தின்ற எலிகள் கொழுகொழுவென்று வளர்ந்தன. மதராசிச் சாப்பாடு தின்றவை நோஞ்சானாக நின்றன. எலிகளுக்குள் மதராசி, பஞ்சாபி என்று ஜாதி இல்லையே. வித்தியாசம் தட்டில்தான் இருந்தது.

இங்கே எங்கள் பக்கத்துக்காரியாக ஒன்று சொல்லிக்கொள்கிறேன். அவர் கண்ட 'மதராசிச் சாப்பாடு' தீட்டிய அரிசியை நம்பியது. அஞ்செட்டி, தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கத்தில் மானாவாரி ராகிதான் சோறு. காலையில் கூழ், மதியம் களி, தொட்டுக்கொள்ள அவரையோ கீரையோ கொள்ளோ. நூறு கிராம் ராகியில் சுமார் 350 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்து இருக்கிறது, அரிசியில் அதில் இருபதில் ஒரு பங்குகூட இல்லை. ரேஷன் அரிசி வந்த பிறகு எங்கள் வீடுகளிலும் களி ஒரு வேளையாகச் சுருங்கிவிட்டது. என் மகள் கோழிக்குப் போடுகிற அந்தப் பாதி உருண்டைக்கு அம்மா ஏன் அவ்வளவு வருத்தப்படுகிறாள் என்று இப்போது புரிகிறது.

மெக்காரிசன் ஆய்வைத் தொடங்கிய அதே 1918இல், நவம்பர் 29 அன்று, சேலத்தில் ஒரு குழந்தை பிறந்தது. சேலம் நகராட்சிக்கு அப்போது சேர்மன் யார் தெரியுமா? நம்ம தொரப்பள்ளி நோஞ்சான்தான். அந்தக் குழந்தையின் பெயர் கோபாலன். பின்னாளில் குன்னூர் ஆய்வகத்தில் சேர்ந்து, ஹைதராபாத் நிறுவனத்துக்கு இயக்குநராகி, இந்தியாவின் ஊட்டச்சத்து விஞ்ஞானத்துக்கே பெரியவராக இருந்த டாக்டர் சி. கோபாலன். நூறு வயது தாண்டி 2019இல் இறந்தார்.

கோபாலன் நடத்திய பெரிய சண்டைகளில் ஒன்று 1980களில் வந்தது. அதற்கு முன் இந்தியாவில் பிள்ளைகளின் எடையை எதோடு ஒப்பிட்டார்கள் என்பதைச் சொல்ல வேண்டும். 1975 அக்டோபர் 2 அன்று 33 இடங்களில் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம், அதாவது நம்முடைய அங்கன்வாடித் திட்டம், தொடங்கியது. அந்த மையங்களில் பயன்பட்ட அளவுகோல் ஹார்வர்டு அளவு. அமெரிக்காவின் பாஸ்டன் நகரத்தில் பல வருடம் முன்பு அளந்த வெள்ளைக்காரப் பிள்ளைகளின் எடை. அந்த அளவில் பார்த்தால் இந்தியாவில் பாதிக்கு மேல் பிள்ளைகள் கோட்டுக்குக் கீழே.

இதற்கு ஒரு எதிர்வாதம் கிளம்பியது. புள்ளியியல் அறிஞர் பி. வி. சுகாத்மே, உடம்பு கிடைக்கிற சாப்பாட்டுக்கு ஏற்ப ஓரளவு தன்னை மாற்றிக்கொள்ளும் என்றார். அமெரிக்கப் பொருளாதார அறிஞர் டேவிட் செக்லர் அதைவிட ஒரு படி மேலே போனார். மிதமாகக் குட்டையாக, ஒல்லியாக இருக்கிறவர்கள் நோயாளிகள் இல்லை, 'சின்ன உடம்பு, ஆனால் ஆரோக்கியம்' என்றார். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. என் மகளைப் பற்றி யாராவது அப்படிச் சொன்னால் அவர் காலில் விழுந்துவிடுவேன். ஆனால் இதை ஒரு நாட்டுக்குச் சொன்னால் என்ன ஆகும்? கோடிக்கணக்கான பிள்ளைகள் ஒரே நாளில் பட்டியலிலிருந்து நீங்கிவிடுவார்கள். ஒரு பிடி சோறு கூடப் போட வேண்டியதில்லை. டெம்பிளின் பவுண்டுக் கணக்கு வேறு உடுப்பில் வந்து நிற்கிறது.

கோபாலன் விடவில்லை. சின்ன உடம்பு ஆரோக்கியம் என்பது ஏழைக்கு மட்டும்தானா, பணக்காரனுக்கு இல்லையா என்கிற கேள்வியையே 1983இல் தன் கட்டுரைக்குத் தலைப்பாக வைத்தார். வசதியான இந்தியக் குடும்பத்துப் பிள்ளைகள் நன்றாக வளரும்போது, கூலிக்காரர் பிள்ளைகள் மட்டும் சின்னதாக இருப்பதை எப்படி இயற்கை என்று சொல்ல முடியும்? அது இல்லாமையின் தழும்பு என்பது அவர் நிலை.

யார் சொன்னது சரி என்பதற்கு ஓரளவு முடிவான பதில் 2006இல் வந்தது. உலக சுகாதார நிறுவனம் 1997 முதல் 2003 வரை பிரேசில், கானா, இந்தியா, நார்வே, ஓமன், அமெரிக்கா ஆகிய ஆறு நாடுகளில் சுமார் 8,500 பிள்ளைகளை அளந்தது. தாய்ப்பால் குடித்த, வசதிக் குறைவில்லாத, வீட்டில் தாய் புகைபிடிக்காத பிள்ளைகளாகப் பார்த்து எடுத்தார்கள். இந்தியாவில் தெற்கு டெல்லி. போதுமானது கிடைத்தால் ஐந்து வயது வரை எல்லா நாட்டுப் பிள்ளைகளும் ஏறத்தாழ ஒரே மாதிரிதான் உயரமாகிறார்கள் என்று தெரிந்தது. கோபாலன் பக்கம்தான் நியாயம் இருந்தது.

ஆனால் அதே ஆய்வில் என் வீட்டுக் கேள்விக்கும் ஒரு பதில் ஒளிந்திருந்தது. இப்போது பால்வாடி அட்டையில் இருப்பது அந்த ஆய்வின் கோடுகள். நான்கு வயதுப் பெண்ணுக்கு நடுக்கோடு 16.1 கிலோ. எடை குறைவு என்று சொல்லும் எல்லை 12.3 கிலோ. இந்த எல்லையை எப்படிப் போட்டார்கள்? எந்தக் குறையும் இல்லாத அந்தப் பிள்ளைகளிலேயே நூற்றுக்கு இரண்டு மூன்று பேர் அதற்குக் கீழே வருவார்கள் என்கிற கணக்கில்தான். வயிறாரச் சாப்பிட்டும் இயல்பிலேயே ஒல்லியான பிள்ளைகள் உண்டு. அவர்களுக்கு அந்த அட்டையிலேயே இடம் இருக்கிறது.

இன்னொரு எண்ணையும் இதோடு வைத்துப் பாருங்கள். 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் நூற்றுக்கு 22 பேர் எடை குறைவு. இந்தியா முழுக்க 32 பேர். இரண்டு மூன்று பேர் இருக்க வேண்டிய இடத்தில் இருபத்திரண்டு பேர் நிற்கிறார்கள். இரண்டு மூன்று பேரை உடம்புவாகு என்று விடலாம். மிச்சமுள்ளவர்களை யார் கணக்கில் எழுதுவது?

சரி, ஒரு பிள்ளை எதிரே நிற்கும்போது அவள் அந்த இரண்டு மூன்று பேரில் ஒருத்தியா, மிச்சப் பேரில் ஒருத்தியா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? ஒரு நாள் எடையை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது. இதை முதலில் உறைக்கும்படி சொன்னவர்களில் ஒருவர் டேவிட் மார்லி என்ற ஆங்கிலேயக் குழந்தை மருத்துவர். 1950களில் நைஜீரியக் கிராமங்களில் வேலை பார்த்தவர். தாயின் கையிலேயே ஒரு அட்டையைக் கொடுத்து, மாதாமாதம் எடையைப் புள்ளியாக வைத்துக் கோடு இழுத்தார். புள்ளி எங்கே இருக்கிறது என்பதைவிடக் கோடு எந்தப் பக்கம் போகிறது என்று பாருங்கள் என்றார். கீழேயே இருந்தாலும் மேல் நோக்கிப் போகிற கோடு நல்ல கோடு. மேலே இருந்தாலும் படுத்துவிட்ட கோடு ஆபத்து.

அந்த யோசனையைப் பெரிய அளவில் செய்து பார்த்தது தமிழ்நாடுதான். 1980இல் உலக வங்கிக் கடனில், மதுரை மாவட்டத்தில் தொடங்கி, தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் வந்தது. ஆறு மாதம் முதல் மூன்று வயது வரையுள்ள பிள்ளைகளை ஊழியர் மாதாமாதம் எடை போடுவார். ரொம்ப மோசமாக இருக்கும் பிள்ளைக்கும், எடை ஏறாமல் நின்றுவிட்ட பிள்ளைக்கும் சத்துமாவு லட்டு. வழக்கமாக 90 நாள். கோடு திரும்ப ஏறினால் லட்டு நிற்கும், தாய்க்குச் சொல்லித்தருவது நிற்காது. பொறுக்கியெடுத்துப் போடுவதால் செலவும் குறைவு. கடன் கொடுத்தவர்களுக்கு அது பிடித்திருந்தது என்பதையும் மறைக்க வேண்டியதில்லை.

அதே காலத்தில் இதற்கு நேர் எதிரான வழியும் இங்கேயே நடந்தது. 1956இல் காமராஜர் ஆட்சியில் மதிய உணவு, 1982 ஜூலை 1 முதல் எம்.ஜி.ஆரின் சத்துணவு. எடை கிடை பார்க்காமல் வந்த பிள்ளைக்கெல்லாம் சோறு. அன்று நிறைய அறிஞர்கள் இதை வீண் செலவு என்றார்கள். எனக்கு இரண்டும் வேண்டும் என்று தோன்றுகிறது. பசிக்குத் தராசு தேவையில்லை. ஆனால் தட்டில் சோறு இருந்தும் தேய்கிற பிள்ளையைக் கண்டுபிடிக்கத் தராசு வேண்டும். வயிற்றுப்போக்கு, பூச்சி, அடிக்கடி காய்ச்சல், காலையில் கம்பெனி பஸ்ஸுக்கு ஓடுகிற தாய் என்று தேய்வதற்கு எத்தனையோ வழி இருக்கிறது.

இவ்வளவும் படித்துவிட்டுத்தான் அடுத்த மாதம் மறுபடி பால்வாடிக்குப் போனேன். டீச்சரிடம் மகளின் அட்டையைக் கேட்டு வாங்கி முதல் முறையாக முழுசாகப் பார்த்தேன். இரண்டு வயதில் 9.6. மூன்று வயதில் 11.4. நான்கில் 12.9. எல்லாம் எல்லைக் கோட்டுக்குக் கொஞ்சம்தான் மேலே. ஆனால் அந்தக் கோட்டை விட்டு விலகாமல், அதன் கூடவே, கை பிடித்த மாதிரி ஏறிக்கொண்டே வந்திருந்தது. பிறந்தபோதே சின்னவள். அவள் அப்பாவும் தென்னங்குச்சிதான்.

"நான்தான் அக்கா அப்பவே சொன்னேனே, இவ நல்லா ஏறிட்டு இருக்கா. ஒண்ணும் பயப்படாதீங்க" என்றார் டீச்சர். அவர் அப்போது சொன்னது எனக்கு அலட்சியமாகத் தோன்றியிருந்தது. மனசுக்குள் திட்டியும் இருந்தேன்.

பிறகு அவர் குரலைத் தாழ்த்தி, அந்தப் பக்கத்துத் தெருப் பெண்ணின் அட்டையைக் காட்டினார். 14 கிலோ 200. பச்சைக்குள்தான் இருக்கிறாள். ஆனால் நான்கு மாதமாக அதே எடை, நடுவில் ஒரு மாதம் நூறு கிராம் இறக்கம் வேறு. "பாக்க புஷ்டியா இருக்கான்னு யாருமே கேக்க மாட்டேங்கறாங்க. அவங்க அம்மாகிட்ட சொன்னா, உங்களுக்கு வேற வேலையில்லையான்னு சிரிக்கிறாங்க. டாக்டர்கிட்ட காட்டச் சொல்லி ரெண்டு தடவ வீட்டுக்கே போய்ட்டு வந்துட்டேன்."

எனக்கு அந்த இடத்தில் கூச்சமாக இருந்தது. போன மாதம் அந்தக் குழந்தையை நான் பொறாமையோடு பார்த்தேன். அவள் கன்னத்தைப் பார்த்து என் மகளின் விலா எலும்பை எண்ணினேன். டீச்சர் கவலைப்பட்டுக்கொண்டிருந்தது அவளைப் பற்றி.

அந்த அம்மாவும் என்னை மாதிரி ஓசூருக்கு வேலைக்குப் போகிறவள்தான். சனிக்கிழமை சந்தையில் பார்த்துப் பேசினேன். டீச்சர் சொன்னதைச் சொல்லவில்லை. என் மகளின் அட்டையை எடுத்துக் காட்டி, இது எப்படி என்று எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். "அப்ப எம்பொண்ணோடதையும் பாத்துரலாமா?" என்றாள். திங்கட்கிழமை லீவு போட்டு, கெலமங்கலம் டாக்டரிடம் கூட்டிப்போனாள். சிறுநீரில் கிருமி என்று மருந்து கொடுத்திருக்கிறார்கள். அடுத்த மாதம் எடை 14 கிலோ 500 என்று போன் செய்தாள்.

என் அம்மா இன்னும் "எவ்வளவு?" என்றுதான் கேட்கிறாள். நான் அட்டையைக் கையில் கொடுத்து, விரலால் கோட்டைத் தடவிக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தாள். "மேலதான் போவுது" என்றாள். அப்புறம் களி உருண்டையைப் பாதி அளவாக உருட்டி மகளிடம் கொடுத்தாள். அன்றைக்குக் கோழிக்கு ஒன்றும் கிடைக்கவில்லை.